ஏடி-எல்பி120எக்ஸ்யுஎஸ்பி: அலை ஓடுகிறது, சத்தம் ஏன் வரவில்லை?

வீட்டில் எல்பி, இபி, 78 என்று மூன்று வகை இசைத்தட்டும் கலந்து இருக்கிறது, எல்லாவற்றையும் கணினியில் ஏற்ற வேண்டும் என்பவர்கள் ஆடியோ-டெக்னிகாவின் ஏடி-எல்பி120எக்ஸ்யுஎஸ்பி டர்ன்டேபிளைத் தாராளமாக வாங்கலாம். மோட்டார் இந்த வேலைக்குப் போதும்; 78 தட்டுகளுக்கு மட்டும் முள்ளை மாற்ற வேண்டும். ஆனால் வாங்கிய அன்றே பலரைத் திணற வைக்கும் விஷயம் ஒன்று உண்டு. யுஎஸ்பி கேபிளைச் செருகி, ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் திரையில் அலை ஓடும். ஸ்பீக்கரில் ஒன்றும் கேட்காது. சிலருக்குப் பதிவு முடிந்து திருப்பிப் போட்டாலும் கேட்காது. பெட்டியைத் திருப்பி அனுப்பும் முன் படிக்க வேண்டியதுதான் இந்த விமர்சனத்தின் பெரும்பகுதி. இந்தச் சத்தமின்மை அநேகமாக எப்போதும் கணினியின் அமைப்பில் இருக்கிறது, டர்ன்டேபிளில் இல்லை.

முதலில் கருவியைப் பற்றிச் சுருக்கமாக. 2019இல் வந்த இந்த மாடல் டைரக்ட் டிரைவ், அதாவது மோட்டாரே நேரடியாகச் சுழற்றும்; பெல்ட் கிடையாது. நிமிடத்துக்கு 33⅓, 45, 78 சுற்று என்று மூன்று வேகமும் உண்டு. எஸ் வடிவக் கை, கழற்றி மாட்டக்கூடிய ஹெட்ஷெல் (கையின் தலைப்பகுதி), அதில் முள்ளின் அசைவை மின் சைகையாக்கும் ஏடி-விஎம்95இ கார்ட்ரிட்ஜ். நீள்வட்ட முள், 0.3 × 0.7 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). முள் தட்டில் அழுந்தும் எடை 1.8 முதல் 2.2 கிராம் வரை, 2.0 வைத்தால் சரி. கார்ட்ரிட்ஜின் மெலிந்த சைகையைப் பெரிதாக்கும் ஃபோனோ ப்ரீஆம்ப் உள்ளேயே இருக்கிறது; பின்பக்கச் சுவிட்சை ஃபோனோ (ப்ரீஆம்ப் இல்லாமல்), லைன் (ப்ரீஆம்ப்போடு) என்று மாற்றிக்கொள்ளலாம். யுஎஸ்பி வழியாக வெளியே போவது 16-பிட், 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸ். ஹெட்போன் துளை இல்லை. இந்த ஒரு குறைதான் கீழே வரும் சிக்கலைப் பெரிதாக்குகிறது. ஹெட்போன் துளை இருந்திருந்தால் பாதிப் பேருக்கு இந்தக் கேள்வியே எழாது.

சத்தம் எங்கே போகிறது

யுஎஸ்பியில் செருகிய டர்ன்டேபிளைக் கணினி ஒரு மைக்காகத்தான் பார்க்கிறது. மைக்கில் பேசினால் அது தானாக ஸ்பீக்கரில் வராது. அப்படி வந்தால் ஊளைச் சத்தம்தான் மிஞ்சும் என்பதால் கணினிகள் அந்த வழியை மூடியே வைத்திருக்கின்றன. ஆடாசிட்டியும் அதே காரணத்துக்காகப் பதிவின்போது கேட்கும் வசதியை அணைத்தே தருகிறது. அதைக் கையால் திறக்க வேண்டும்.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். யுஎஸ்பி டர்ன்டேபிள்கள் பலவற்றில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பிசிஎம்2900 வரிசைச் சிப்போ அதைப் போன்ற ஒன்றோ இருக்கும். ‘யுஎஸ்பி ஆடியோ கோடெக்’ என்ற பெயர் கணினியில் தெரிவது அந்தச் சிப்பால்தான். அது ஒலியை உள்ளே வாங்கவும் தெரிந்தது, வெளியே அனுப்பவும் தெரிந்தது. டர்ன்டேபிளுக்கு வெளியே அனுப்பும் வேலை எதுவும் இல்லை. ஆனாலும் சிப் தன்னிடம் அந்த வசதி இருப்பதாகக் கணினியிடம் சொல்லிவிடும். விண்டோஸ் அதை நம்பி, புதிதாக ஒரு ஸ்பீக்கர் வந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, எல்லா ஒலியையும் அங்கே திருப்பிவிடும். டர்ன்டேபிளைச் செருகியதும் யூடியூபும் ஊமையாகிவிட்டது என்றால் காரணம் இதுதான்.

ஆகவே சத்தம் வரவில்லை என்றதும் முதலில் பார்க்க வேண்டியது ஆடாசிட்டியின் ரெக்கார்டிங் மீட்டர். மைக் படத்தை அடுத்த பட்டை அது. தட்டு ஓடும்போது பட்டை அசைகிறதா? அசைந்தால் முள், கார்ட்ரிட்ஜ், ப்ரீஆம்ப், கேபிள் எல்லாமே வேலை செய்கின்றன. சிக்கல் கேட்கும் பக்கத்தில் மட்டும். அசையவில்லை என்றால் பதிவே ஆகவில்லை. அது வேறு கதை, கீழே தனியாக வருகிறது. இந்த இரண்டையும் பிரிக்காமல் கண்ட அமைப்பையெல்லாம் மாற்றிக்கொண்டே போவதால்தான் பலர் இருந்ததையும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

மீட்டர் அசைகிறது, சத்தம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போனால் மேலே அவுட்புட் பட்டியல் இருக்கும். அதில் யுஎஸ்பி ஆடியோ கோடெக் தேர்வாகியிருந்தால் மாற்றி, கணினியின் சொந்த ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுங்கள். லேப்டாப்களில் அது பெரும்பாலும் ரியல்டெக் என்ற பெயரில் இருக்கும். இன்புட் பட்டியலில் யுஎஸ்பி ஆடியோ கோடெக் இருக்கட்டும். அது ‘மைக்ரோஃபோன்’ என்ற முன்னொட்டோடு தெரிந்தாலும் குழம்ப வேண்டாம்.

அடுத்து ஆடாசிட்டி. விண்டோஸில் மாற்றியது இங்கே தானாக வராமல் போகலாம். ஆடாசிட்டி தன் தேர்வைத் தனியே நினைவில் வைத்திருக்கும். 3.2 பதிப்பிலிருந்து மேல் பட்டையில் ‘ஆடியோ செட்டப்’ என்ற பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் ஹோஸ்ட், பிளேபேக் டிவைஸ், ரெக்கார்டிங் டிவைஸ், ரெக்கார்டிங் சேனல்ஸ் என்று வரும். ஹோஸ்ட் (ஆடாசிட்டி விண்டோஸின் ஒலியை அணுகும் வழி) எம்எம்இ. பிளேபேக் டிவைஸ் கணினியின் ஸ்பீக்கர் அல்லது ஹெட்போன். ரெக்கார்டிங் டிவைஸ் யுஎஸ்பி ஆடியோ கோடெக். சேனல் 2, ஸ்டீரியோ. பதிவு ஓடும்போதும், இடையில் பாஸ் போட்டிருக்கும்போதும் இவற்றை மாற்ற முடியாது; பொத்தான்கள் மங்கிக் கிடக்கும். ஸ்டாப் அழுத்திவிட்டு மாற்றுங்கள். ஆடாசிட்டியைத் திறந்த பிறகு டர்ன்டேபிளைச் செருகியிருந்தால் பட்டியலில் பெயரே இருக்காது. அதே பொத்தானுக்குள் ‘ரீஸ்கேன் ஆடியோ டிவைசஸ்’ கொடுத்தால் வந்துவிடும்.

பதிவு செய்து முடித்ததைத் திருப்பிக் கேட்க முடியாதவர்களுக்கு இதோடு சரியாகிவிடும். அப்படியும் கேட்கவில்லை என்றால் டிராக்கின் இடப்பக்கம் ‘மியூட்’ அழுந்தியிருக்கிறதா என்றும், விண்டோஸ் வால்யூம் மிக்சரில் ஆடாசிட்டியின் அளவு பூஜ்யத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பதிவாகும்போதே கேட்க வேண்டும் என்றால் ட்ரான்ஸ்போர்ட் மெனுவில் ட்ரான்ஸ்போர்ட் ஆப்ஷன்ஸ் போய் ‘எனேபிள் ஆடிபிள் இன்புட் மானிட்டரிங்’ என்பதை டிக் செய்யுங்கள். பழைய பதிப்புகளில் இதே வசதிக்கு ‘சாஃப்ட்வேர் பிளேத்ரூ’ என்று பெயர். டிக் செய்ததும், மீட்டரின் மானிட்டரிங்கைத் தொடங்கினால் பதிவை ஆரம்பிக்காமலே தட்டின் சத்தம் ஸ்பீக்கரில் வரும். அளவு பார்க்க இது மிகவும் வசதி.

விண்டோஸுக்குள்ளேயே இன்னொரு வழி இருக்கிறது. சவுண்ட் பக்கத்தின் அடியில் ‘மோர் சவுண்ட் செட்டிங்ஸ்’ அழுத்தி, பழைய பெட்டி திறந்ததும் ரெக்கார்டிங் தாவலில் யுஎஸ்பி ஆடியோ கோடெக்கின் ப்ராப்பர்ட்டீஸ், அதில் ‘லிசன்’ தாவல், ‘லிசன் டு திஸ் டிவைஸ்’ டிக். கீழே எந்த ஸ்பீக்கர் என்பதையும் பெயர் சொல்லித் தேர்ந்தெடுங்கள். டீஃபால்ட் என்று விட்டால் சில நேரம் மறுபடி கோடெக்குக்கே போய்ச் சேரும். இசைத்தட்டைப் பதிவு செய்யாமல் கணினி ஸ்பீக்கரில் சும்மா கேட்க விரும்புகிறவர்களுக்கு இது நல்லது. பதிவுக்கு ஆடாசிட்டியின் வழியே போதும். இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்கும். அந்த எதிரொலி பதிவில் இருக்காது, காதில் மட்டும்தான்; ஆனாலும் பதிவே கெட்டுவிட்டதென்று நினைக்க வைக்கும்.

மேக் கணினியில் சிஸ்டம் செட்டிங்ஸில் சவுண்ட் அவுட்புட்டைச் சொந்த ஸ்பீக்கருக்கு மாற்றிவிட்டு ஆடாசிட்டியில் ஹோஸ்ட் நீங்கலாக மேலே சொன்னதையே செய்யுங்கள். ஆடாசிட்டி இல்லாமல் சோதிக்க, குவிக்டைம் பிளேயரில் ‘நியூ ஆடியோ ரெக்கார்டிங்’ திறந்து, சிவப்புப் பொத்தானுக்கு அருகிலுள்ள அம்புக்குறியில் டர்ன்டேபிளைத் தேர்ந்தெடுத்து, ஒலியளவுப் பட்டையை நகர்த்தினால் போதும்.

இப்படிக் கேட்கும் சத்தம் கொஞ்சம் பிந்தித்தான் வரும். ஆடாசிட்டி வழக்கமாக 100 மில்லிசெகண்ட் அளவுக்கு ஒலியைத் தேக்கி வைத்து அனுப்புகிறது. முள் தட்டில் உரசும்போது எழும் மெல்லிய கீச்சொலியும் நேரடியாகக் காதில் விழுவதால் பாட்டு இரட்டையாகக் கேட்பது போலிருக்கும். புளூடூத் ஸ்பீக்கர் என்றால் தாமதம் இன்னும் கூடும். மைக் உள்ள புளூடூத் ஹெட்செட் சில நேரம் தொலைபேசித் தரத்துக்கு இறங்கி, பாட்டையே பாழாக்கிக் காட்டும். கம்பி ஹெட்போன்தான் இதற்குச் சரி.

எங்கள் பரிந்துரை வேறு. டர்ன்டேபிளின் பின்னால் இருக்கும் சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ துளைகளிலிருந்து ஒரு ஆம்ப்ளிஃபயருக்கோ ஆக்டிவ் ஸ்பீக்கருக்கோ கேபிள் போடுங்கள். சுவிட்ச் லைனில் இருக்கட்டும். யுஎஸ்பி வழியாகக் கணினிக்குப் பதிவு, ஆர்சிஏ வழியாகக் காதுக்குப் பாட்டு. தாமதமே இல்லை. கணினியில் மானிட்டரிங்கை அணைத்துவிடலாம், அதனால் ஆடாசிட்டிக்கும் சுமை குறையும். பழைய லேப்டாப்களில் மானிட்டரிங் ஓடும்போது பதிவில் நடுநடுவே சில்லறைத் துண்டுகள் விட்டுப்போவதுண்டு. அது இதோடு நின்றுவிடும். சுவிட்ச் தவறி ஃபோனோவில் இருந்தால் ஆர்சிஏ வழியே மிக மெலிதான, கீழ்ஸ்தாயி இல்லாத தகரச் சத்தம்தான் வரும். அதையும் பழுது என்று நினைத்துவிடாதீர்கள்.

ஸ்பீக்கரில் கேட்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. அதே மேசையில் ஸ்பீக்கரை வைத்துச் சத்தமாகப் போட்டால் அதிர்வு பலகை வழியே முள்ளுக்கு வந்து பதிவிலும் சேரும். மிருதங்கத்தின் தொப்பி ஒலி நீண்டு கலங்கிக் கேட்டால் அதுதான் நடந்திருக்கிறது. முதல் ஒரு நிமிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு, பிறகு ஸ்பீக்கரை அணைத்து மீட்டரை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதே சுத்தமான பதிவுக்கு வழி.

மீட்டரே அசையவில்லை என்றால்

இங்கே முதல் சந்தேகம் மைக் அனுமதி. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ப்ரைவசி பகுதியில் மைக்ரோஃபோன் என்று ஒரு பக்கம் உண்டு. அதில் ‘டெஸ்க்டாப் ஆப்ஸ்’ மைக்கை அணுகலாம் என்ற சுவிட்ச் அணைந்திருந்தால் ஆடாசிட்டி சில நேரம் எந்தக் குறையும் சொல்லாமல் பதிவு செய்துகொண்டே போகும். அப்போது திரையில் நேர்கோடு மட்டும் இருக்கும். மேக்கில் மொஹாவி பதிப்பு முதல் இதே கட்டுப்பாடு இருக்கிறது. முதல் முறை கேட்கும்போது வேண்டாம் என்று அழுத்தியிருந்தால், ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டியில் மைக்ரோஃபோன் பக்கம் போய் ஆடாசிட்டிக்கு அனுமதி கொடுத்து, ஆடாசிட்டியை மூடித் திறக்க வேண்டும்.

இரண்டாவது, ஹோஸ்ட் தவறாக இருப்பது. விண்டோஸ் வாசாபி என்ற ஹோஸ்டில் ‘லூப்பேக்’ என்று முடியும் பெயர்கள் வரும். அவை கணினி ஸ்பீக்கரில் ஓடுவதைப் பதிவு செய்பவை, டர்ன்டேபிளை அல்ல. ஸ்பீக்கரில் எதுவும் ஓடாதபோது பதிவு அசையாமல் நிற்கும். எம்எம்இக்கு மாற்றுங்கள்.

மூன்றாவது, ‘சவுண்ட் ஆக்டிவேட்டட் ரெக்கார்டிங்’ தெரியாமல் இயங்கிக்கொண்டிருப்பது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஒலி வந்தால்தான் அது பதிவைத் தொடங்கும். மெதுவாக எழும் ஆலாபனையின் தொடக்கத்தை இது அப்படியே விழுங்கிவிடும். ட்ரான்ஸ்போர்ட் ஆப்ஷன்ஸில் அணைத்து வையுங்கள்.

இவை எல்லாம் சரி என்றால்தான் கருவிப் பக்கம் போக வேண்டும். யுஎஸ்பி ஹப்பில் செருகியிருந்தால் எடுத்து நேரடியாகக் கணினியில் செருகுங்கள். இடது, வலது ஒலிகளில் ஒரு பக்கம் மட்டும் வரவில்லை என்றால் ஹெட்ஷெல் வளையத்தைத் தளர்த்தி, தலையைக் கழற்றி, நான்கு தொடுமுனைகளையும் உலர்ந்த துணியால் துடைத்து, மறுபடி அழுத்தி முறுக்குங்கள். கார்ட்ரிட்ஜின் பின்னால் உள்ள நான்கு வண்ணக் கம்பிகளில் ஒன்று நழுவியிருந்தாலும் இதே அறிகுறிதான். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஒலித்து, ஸ்டீரியோ விரிவே இல்லை என்றால், விண்டோஸில் கோடெக்கின் ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு தாவலில் ‘1 சேனல்’ என்றிருக்கும். 2 சேனல், 16 பிட், 44100 ஹெர்ட்ஸ் ஆக்குங்கள். அதே இடத்தில் ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ் இருந்தால் அணையுங்கள். பேச்சுக்கான இரைச்சல் நீக்கி அது. தம்பூராவை இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு மென்று துப்பிவிடும்.

லேப்டாப் சார்ஜரில் இருக்கும்போது மட்டும் உறுமல் கேட்டால் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் பதிவு செய்யுங்கள்.

அளவும் சுருதியும்

உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸின் லெவல்ஸ் தாவலில் 100 வைத்தால் சில கணினிகளில் அலை மேலும் கீழும் தட்டையாக வெட்டுப்படும். அதைப் பின்னால் எந்த மென்பொருளாலும் முழுமையாக மீட்க முடியாது. ஒற்றை இலக்கத்துக்கு இறக்க வேண்டியிருந்தாலும் தயங்காதீர்கள். குறைவாகப் பதிந்துவிடுமோ என்ற பயம் தேவையில்லை. 16-பிட் பதிவுக்குள் 96 டெசிபல் இடம் இருக்கிறது, நல்ல வினைல் தட்டே ஏறக்குறைய 70க்கு மேல் கேட்பதில்லை.

வேகத்தை மாற்றும் பிட்ச் பட்டையைத் தொடாமல், வேகத்தைச் சரியாகப் பூட்டி வைக்கும் குவார்ட்ஸ் பொத்தானை எரியவிட்டே பதிவு செய்யுங்கள். இந்தக் கருவியில் வேகத்தை 8 அல்லது 16 சதவீதம் வரை ஏற்றி இறக்கலாம். ஏறத்தாழ 6 சதவீதம் கூடினாலே ஒரு கட்டையில் பாடியவர் ஒன்றரைக் கட்டைக்குப் போய்விடுவார். கர்நாடக இசைத்தட்டுகளை மாற்றுகிறவர்கள் இதில் அலட்சியம் காட்டக் கூடாது. பாடகரின் சுருதி உங்களுக்குத் தெரிந்திருந்தால் தம்பூரா செயலியை ஓடவிட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

78 தட்டுகளுக்குப் பெட்டியில் வரும் முள்ளைப் பயன்படுத்தக் கூடாது. அந்தப் பள்ளங்கள் அகலமானவை. எல்பி முள் அடியில் போய் உட்கார்ந்து அழுக்கை மட்டும் உழும். 3 மில் முள் வேண்டும். விஎம்95 வரிசையில் விஎம்என்95எஸ்பி அதற்கென்றே இருக்கிறது. முள் பகுதியை இழுத்துக் கழற்றி இதைச் செருகினால் முடிந்தது. முள்ளுக்கான எடையை அதன் அட்டையில் உள்ளபடி புதிதாக வையுங்கள். 78 தட்டைச் சுத்தம் செய்ய ஆல்கஹால் கலந்த எதையும் தொடாதீர்கள், தட்டில் உள்ள ஷெல்லாக் என்ற அரக்கு கரைந்துவிடும். உள்ளே இருக்கும் ப்ரீஆம்ப், எல்பிகளுக்குப் பொதுவான ஒலிச்சமன் முறையான ஆர்ஐஏஏ வளைவுக்கானது. அதற்கு முந்தைய தட்டுகள் சற்று மந்தமாகவோ கூர்மையாகவோ கேட்டால் பிறகு ஈக்வலைசரில் திருத்திக்கொள்ள வேண்டியதுதான்.

இரண்டாம் பக்கத்தைப் புதிய டிராக்கில் பதியும்போது முதல் பக்கமும் சேர்ந்து ஒலித்தால், ட்ரான்ஸ்போர்ட் ஆப்ஷன்ஸில் மற்ற டிராக்குகளைக் கேட்கும் ஓவர்டப் வசதியை அணையுங்கள். 45 நிமிட எல்பிக்கு ஆடாசிட்டியின் இயல்பான 32-பிட் ஃப்ளோட்டில் கிட்டத்தட்ட 950 மெகாபைட் வட்டு இடம் போகும். வெளியே எடுக்கும்போது 16-பிட் ஃப்ளாக் (தரம் குறையாமல் சுருக்கும் கோப்பு வகை) போதும், பாதிக்கும் குறைவாகச் சுருங்கும்.

யார் வாங்கலாம்

78 தட்டு ஒன்றுகூட இல்லை, நாற்பது ஐம்பது எல்பிகளை மாற்றினால் வேலை முடிந்தது என்பவர்களுக்கு அதே நிறுவனத்தின் ஏடி-எல்பி60எக்ஸ்யுஎஸ்பி போதும். பெல்ட் டிரைவ், முழுத் தானியங்கி, 33⅓ மற்றும் 45 மட்டும். கையின் பின்முனையில் கவுன்டர்வெயிட் என்ற எடையை வைத்துச் சமன் செய்யும் வேலை இல்லை. ஆனால் கார்ட்ரிட்ஜை மாற்ற முடியாது. முள்ளை மட்டும்தான் மாற்றலாம். பதிவின்போது சத்தம் வராத சிக்கல் அதிலும் இதே மாதிரிதான் வரும், தீர்வும் இதேதான்.

எல்பி120எக்ஸ்யுஎஸ்பியின் பலம், பின்னால் வளர இடம் இருப்பது. நீள்வட்ட முள் சுமார் 300 மணி நேரம் தாங்கும். தேயும்போது அதே உடலில் இன்னும் நுணுக்கமாகத் தீட்டிய மைக்ரோலைன் முள்ளைப் போட்டால் தட்டின் உள்வட்டத்தில் வரும் கரகரப்பு தெளிவாகக் குறையும். நாளைக்கு நல்ல வெளி ப்ரீஆம்ப் வாங்கினால் சுவிட்சை ஃபோனோவுக்குத் தள்ளினால் போதும். அரிய தட்டுகள் நிறைய வைத்திருந்து 24-பிட்டில் காப்பகம் செய்ய நினைப்பவர்கள் இதன் யுஎஸ்பியை நம்பி வாங்க வேண்டாம். ப்ரீஆம்ப், ஒலியைக் கணினிக்கு மாற்றித் தரும் தனிப் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸ் இரண்டும் சேர்த்துத்தான் அவர்கள் கணக்குப் போட வேண்டும். அந்த இன்டர்ஃபேஸ்களில் ஹெட்போன் துளையும், தாமதமில்லாமல் நேரடியாகக் கேட்கும் பொத்தானும் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன.